நாலு மணிச் சோறு

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை எடை பார்க்க வந்த நர்ஸ், மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் எடையை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லவில்லை. அவளைக் கூட்டிப்போக வந்த என்னைத் தனியே அழைத்தார்.

"பிராயத்துக்கு வெயிட் ரொம்பக் கூடுதலாக்கும். பட்டினி போட்டிராதிங்க. என்ன தின்னுதான்னு மட்டும் பாருங்க."

அந்த நாகரிகத்துக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

ஆனால் பார்ப்பதென்றால் எனக்கு எண்ணுவதுதான். மறுநாளே அவள் தட்டின் முன் உட்கார்ந்துவிட்டேன். நான்கு தோசை இரண்டாயிற்று. பிஸ்கட் டப்பா அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. எடை குறைந்ததோ இல்லையோ, பிள்ளையின் பேச்சு குறைந்தது. நான் அடுக்களைக்குள் வந்தால் தட்டோடு எழுந்து போனாள். என்னை வெறுத்துவிடுவாளோ என்று பயம். விட்டுவிட்டால் சின்ன வயதிலேயே நோய் வந்துவிடுமே என்று அதைவிடப் பெரிய பயம்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்ததும், வழக்கம்போல என் மனைவி அவளுக்குச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் விளம்பினாள். நான் மரச்சீனித் துண்டுகளை எண்ணத் தொடங்கினேன். பிள்ளை தட்டைத் தள்ளினாள்.

"பாட்டா, இது எனக்க ரெண்டாவது ஊணாக்கும். மத்தியானம் பள்ளியில சோறும் பயறும் முட்டையும் தின்னேன்லா. அத மட்டும் ஏன் எண்ணல்ல?"

"பள்ளிக்கூடத்துச் சோறு ஒரு சோறா மக்கா?" என்று என் மனைவி சிரித்தாள்.

"பின்ன அது மண்ணா?"

எங்கள் பக்கத்தில், வீட்டுக்கு வெளியே உண்டது யார் கணக்கிலும் சேராது. பசியோடு வந்திருப்பாள் என்றே தினமும் நினைத்தோம்.

அன்று லீவில் இருந்த மருமகள் அறையிலிருந்து வந்தாள். "மாமா, இனி நாலு மணிக்கு ஒரு பழமும் மோரும் போரும். ராத்திரி எல்லாரும் சேந்து உண்ணலாம். தட்ட எண்ணாண்டாம், கேட்டியளா?"

கேட்டேன். அடுத்த முறை நர்ஸ் பார்த்தபோது எடை ஏறவில்லை, உயரம் ஏறியிருந்தது. "இப்பிடியே போனா போரும்" என்றார்.

இப்போது பழத்தை நின்றபடி தின்றுவிட்டு சர்ச் மைதானத்துக்கு ஓடுகிறாள். இரவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் சோறோடு, யார் யாரைத் தோற்கடித்தாள் என்று சொல்கிறாள். விழுந்து முழங்காலை உடைத்துக்கொள்வாளோ என்று எனக்கு இப்போது புதுக் கவலை. இப்படி ஒரு கவலை வாய்த்ததற்கு நர்ஸ், மருமகள், பேத்தி என்று அந்த மூன்று பெண்களுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.