நான்காவது ஊசிக்கு முன்

வெண்பலகையின் மேல்வரியில் தேதி எழுதக் கையைத் தூக்கியபோது வலது அக்குளுக்குள் ஏதோ இழுத்தது. வலி என்று சொல்ல முடியாது. தையல் இறுக்கமான ரவிக்கை இழுக்குமே, அப்படி. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்தேன், மறந்துபோனேன். சில வாரங்கள் கழித்துக் குளிக்கும்போது அந்த இடத்தில் ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது.

என் பெயர் கிரேஸ். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் கணவர் மோகன் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர், ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த நோயில் எந்தக் கவுண்டருக்குப் போனாலும், கூட யார் வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மோகன் வந்திருந்தார். தொடக்கத்தில் எல்லா முறையும் அவர்தான் வந்தார்.

பயாப்சி (கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவைச் சொன்ன டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். மார்பகப் புற்றுநோய், அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) வந்துவிட்டது என்றார். முதலில் ஆறு முறை கீமோ ஊசி, பிறகு அறுவை, அதன்பின் கதிர்வீச்சு. எனக்குக் காது அடைத்துக்கொண்டது. மோகன் நிதானமாகக் கேட்டார்:

“டாக்டர், கார் பார்க்கிங்தான் பெரிய பிரச்சினையா இருக்கு. விடியக்காலம் வந்தா எடம் கெடைக்குமா?”

டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அன்று சிரிக்க முடிந்ததே என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

கீமோவைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சொல்லக்கூடியது, அது வலியைவிடச் சோர்வு என்பதுதான். கட்டிலிலிருந்து குளியலறைவரை நடப்பதற்கு முன் யோசிக்க வேண்டியிருந்தது. வாய் முழுக்கப் புண். மூன்றாவது ஊசிக்குப் பிறகு குளிர்ந்ததைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை.

“எளநி வாங்கிட்டு வரேன். கதவ பூட்டிக்க” என்று சொல்லிவிட்டு மோகன் பாசாருக்கு (சந்தைக்கு) போனார்.

போனவர் பாசார் வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். காய்கறிக்காரர் ஒருவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. அந்த வருடம் முழுக்க வீட்டில் ஒரே ஒரு நோயாளிதான் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

எனக்கு அப்போது நியூட்ரோபில் (கிருமிகளோடு சண்டையிடும் வெள்ளை அணுக்கள்) மிகவும் இறங்கியிருந்தது. கூட்டத்தில் இருக்கக் கூடாது என்றார்கள். அதனால் ஆட்கள் வருமுன் காலையில் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, என்னை அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அடக்கத்தின்போது காருக்குள் இருந்தேன். கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள். பாடுகிறார்கள் என்று தெரிந்தது, என்ன பாட்டு என்று தெரியவில்லை. மண் போடக் குனிந்த முதுகுகளைத்தான் பார்த்தேன். முப்பது வருடம் கூட வாழ்ந்தவருக்கு ஒரு பிடி மண் போட என்னால் முடியவில்லை.

எங்கள் சபையில் நோயாளிகளைப் பார்த்து ஜெபிக்கப் போகும் குழுவில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். இப்போது அதே வார்த்தைகள் என்னைத் தேடி வந்தன. “கர்த்தர் ஒரு திட்டம் வச்சிருப்பாரு சிஸ்டர்.” “தாங்க முடியாதத அவரு கொடுக்க மாட்டாரு.” சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள், அழுதுகொண்டே சொன்னார்கள். நான் தலையாட்டினேன். பிறகு போனை அணைத்து வைத்தேன். ஜெபிக்க முட்டிபோட்டால் என் மூச்சு மட்டும்தான் கேட்டது. விசுவாசம் போய்விட்டதோ என்று பயந்தேன். கொஞ்ச நாளில் பயப்படவும் தெம்பில்லை.

எங்கள் போதகர் சின்ன வயதுக்காரர். ஒரு மத்தியானம் வந்தார். அவர் வேதாகமப் பையைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு சொன்னேன்:

“பாஸ்டர், மன்னிச்சிடுங்க. இன்னிக்கு ஜெபம் வேணாம். என்னால ஆமென் சொல்ல முடியாது.”

அவர் பதறவில்லை. “சரி சிஸ்டர். நான் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டுப் போலாமா?”

பக்கத்து ஊரான காப்பாரில் ஒரு துக்க வீட்டிலிருந்து நேராக வந்திருந்தார். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் திறந்து, லேசான குறட்டையோடு. எனக்கு முதலில் கோபம் வந்தது. எழுப்பலாம் என்று எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். மோகன் போனபிறகு அந்தக் கூடத்தில் இன்னொருவர் மூச்சுவிடும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். அந்தச் சத்தத்தில் நானும் கண்ணயர்ந்தேன்.

விழித்தபோது அவர் முகம் சிவக்க எழுந்து நின்றார். “ஐயோ, சாரி சிஸ்டர். ஆறுதல் சொல்ல வந்துட்டு...”

“பரவால்ல பாஸ்டர். நானும் தூங்கிட்டேன்.”

அவர் போனபின் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று கர்த்தரிடம் வாய்விட்டுக் கேட்டேன்: “நீரும் தூங்குறீரா?” கேட்டதோடு நிற்கவில்லை. மோகனை ஏன் எடுத்தீர், என்னை எதற்கு விட்டுவைத்தீர் என்று கத்தினேன். திட்டினேன் என்றே சொல்லலாம். ஆனால் பல நாட்களுக்குப் பிறகு நான் அவரோடு பேசியிருந்தேன். ஆள் இல்லாத வீட்டில் யாரும் இவ்வளவு நேரம் சண்டை போடுவதில்லை என்று படுக்கப் போகும்போது தோன்றியது.

இருந்தும் நான்காவது ஊசிக்குப் போகவில்லை. அந்த நாள் வந்தது, போனது. யாருக்காகப் பிழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன்.

அடுத்த வாரக் கடைசியில் மோகனின் அக்கா ஜெயா வந்தார். ரவாங்கிலிருந்து ரயில் மாறி, கையில் ரசம் டப்பாவோடு. மோகன் என்னைக் கல்யாணம் செய்யக் கிறிஸ்தவரானதில் அவருக்கு வருத்தம் உண்டு. பல வருடங்கள் எங்களுக்குள் பண்டிகை நாள் பேச்சு மட்டும்தான்.

“அடுத்த ஊசி எப்போ?” என்றார்.

“போன வாரம் அண்ணி. போகல. இனிமே போகப் போறதில்ல.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“எனக்காக வா கிரேஸ். வீட்டுல இருந்தா தம்பி மொகம்தான் வருது, பைத்தியம் புடிக்குது. ஆஸ்பத்திரில ஒன் பக்கத்துல உக்காந்தா எனக்கு ஒரு வேல மாதிரி இருக்கும்லா.”

அவருடைய தம்பியும் செத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. முடியாது என்று வாதாடுவதற்குக்கூடத் தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை. “சரி அண்ணி” என்றேன்.

டாக்டரிடம் குனிந்த தலையோடு கேட்டேன்: “அவரு போனதும் தள்ளிப் போட்டுட்டேன் டாக்டர். கெட்டுப் போச்சா?”

“இப்ப வந்துட்டீங்கல்ல. இனிமே விட்றாதீங்க” என்றார். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, “அங்கிள் பார்க்கிங் கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு ஆன்டி” என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

கூட யார் என்று தாதி கேட்டபோது, “நான்தான், நாத்தனாரு” என்றார் ஜெயா அண்ணி. மருந்து இறங்கத் தொடங்கியதும் அவர் கண்களை மூடிக்கொண்டார். நெற்றியில் விபூதி, உதடுகள் மட்டும் அசைந்தன. தன் சாமியிடம் எனக்காக என்ன கேட்டார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. என் கையை மட்டும் விடவே இல்லை. கடவுள் அந்த அறையில் இருந்தாரா என்று கேட்டால், இருந்தார் என்பேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று சாயங்காலமும் வாந்தி எடுத்தேன். மோகன் இல்லாத வீட்டுக்குத்தான் திரும்பினேன். ஆனால் நான் கைவிடப்படவில்லை என்பது, ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புச் சட்டம் அங்கே இருந்ததைப் போல, எனக்குத் தெரிந்தது. சந்தோஷம் எதுவும் வரவில்லை. சாய்ந்துகொள்ள முடிந்தது.

மற்ற ஊசிகளும் முடிந்தன. அறுவை முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்தது. கடைசியாக எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. “இப்போதைக்கு” என்ற சொல்லை டாக்டர் அதோடு சேர்த்துத்தான் சொன்னார். நானும் சேர்த்தே சொல்கிறேன்.

இதே பாதையில் இருப்பவர்களுக்கு ஒன்று: ஜெபிக்க முடியவில்லை என்றால் முடியவில்லைதான். அதற்காகத் தனியாக ஒரு குற்ற உணர்வைச் சுமக்காதீர்கள். சுமக்க ஏற்கெனவே நிறைய இருக்கிறது. உங்கள் பக்கத்தில் யாராவது சும்மா உட்கார வந்தால் உட்கார விடுங்கள்.

பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். முடி வேறு மாதிரி, சுருளாக முளைத்திருக்கிறது. வலது கையை முழுதாகத் தூக்க வராது. பலகையில் பாதி உயரத்திலிருந்துதான் எழுதுகிறேன், பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மருந்தால் விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. நரம்புகள் எப்போது சரியாகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த வருடத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. ஒரு வாரம் என்பது எனக்கு இப்போது நீளமான காலம்.

காலையில் சட்டைப் பொத்தான் போடத்தான் அதிக நேரம் ஆகிறது. விரலுக்குப் பொத்தான் இருப்பது தெரிவதில்லை. கண்ணாடியில் பார்த்து, ஒவ்வொன்றாக, மெதுவாகப் போடுகிறேன். அதற்குமுன் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருப்பேன். அதைத்தான் இப்போது ஜெபம் என்கிறேன். பெரும்பாலான நாட்களில் எதையும் உணர்வதில்லை. “இருக்கிறேன்” என்று மட்டும் சொல்கிறேன். அவரும் இருக்கிறார். எழுந்து முதல் பொத்தானைத் தேடுகிறேன்.