காலை உப்புமாவும் நாலு மணிச் சிலேட்டும்

குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள் முதலில் காக்க வேண்டியது தன்னைத்தான், அதுவும் பெற்றோரிடமிருந்து. தமிழில் முதுகலை படித்த எனக்கு வேறு வேலை எதுவும் அமையாததால், தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுணில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டுக் கூடத்திலேயே ஆறு வருடம் இந்தத் தொழிலைச் செய்தேன். இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை பதினோரு பிள்ளைகள். அம்மாக்கள் ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். ஆகவே காலைச் சாப்பாடும் நாலு மணிப் பலகாரமும் என் பொறுப்பு.

பதினோரு பிள்ளைகளுக்கு எத்தனை இட்லி அவிக்க வேண்டும் என்பதை எந்தக் கணக்கு வாத்தியாரும் சொல்லிவிட முடியாது. நேற்று ஐந்து தின்றவன் இன்று அரை இட்லியோடு எழுந்துவிடுவான். மாவாட்டித் தோள்பட்டை இறங்கிய என் இனத்தவரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிலேட்டு

தட்டில் மீந்தது வேறு, பாத்திரத்தில் மீந்தது வேறு. முன்னது நாய்க்கு. பின்னது நாலு மணிக்கு. இட்லியை விரல் விரலாக நறுக்கி, நல்லெண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, காரமில்லாப் பொடி தூவி வதக்கினால் காலையில் முகத்தைத் திருப்பிய அதே பிள்ளை கையை நக்கும். தோசை என்றால் தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் வைத்துச் சுருட்டிவிடுவேன். என்ன கொடுத்தோம் என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டுமே என்று வாசல் ஆணியில் ஒரு சிலேட்டை மாட்டி, "இன்று நாலு மணிக்கு: காலையில் மீந்த இட்லி, பொடி போட்டு வதக்கியது" என்று எழுதி வைத்தேன். பாதி உண்மையை எழுதினால் எனக்குக் கை அரிக்கும்.

எனக்கு உதவியாக மேலப்பாளையத்திலிருந்து வந்துகொண்டிருந்த கதீஜா சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "உண்மையச் சொல்லணும்னா சொல்லுங்க டீச்சரம்மா, அதை எழுதி ஆணியிலயா மாட்டணும்?"

பாக்கெட்டு

அடுத்த நாளே ஒரு அம்மா வந்தார். வங்கியில் வேலை. "மிஞ்சினதையா எம் பிள்ளைக்குப் போடுதிய?" என்று கேட்டுவிட்டு, இனிமேல் இதைக் கொடுங்கள் என்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். எனக்கு எதைக் கையில் கொடுத்தாலும் முழுவதும் படித்துவிடும் வியாதி உண்டு. பாக்கெட்டைத் திருப்பி, அதைச் செய்த மாதத்தை வாய்விட்டு வாசித்தேன். நாலு மாதம் ஆகியிருந்தது. என் இட்லிக்கு வயது எட்டு மணி நேரம். எது பழசு என்று கேட்டேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கேட்டேன். அதற்காக இன்றும் வருத்தமில்லை.

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது பாக்கெட்டுக்குள்ள இருக்குல்லா டீச்சர்!" அந்த வாரத்தோடு அவர் பிள்ளை வரவில்லை.

சுண்டக்கறி

நாலு வயது கோமதியின் அம்மா சேரன்மகாதேவியில் ஆசிரியை. அப்பா சங்கரலிங்கம் அண்ணாச்சி அரசு அலுவலகத்தில் எழுத்தர். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர் அவர்தான். பொங்கல் முடிந்த வாரம் சிலேட்டில் தோசைச் சுருளைக் கண்டுவிட்டு, "எங்க வீட்டுல பழசு பொழங்குறதே இல்ல டீச்சர்" என்று ஆரம்பித்தார். கால் மணி நேரம் ஆசாரம் பேசினார். பேசிக்கொண்டே வயிற்றைத் தடவி ஒரு ஏப்பம் விட்டார். மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பொங்கலன்று மிஞ்சிய குழம்பையும் காய்களையும் ஒரே சட்டியில் கொட்டி, தினமும் அடுப்பேற்றிச் சுண்டவைத்த கறி. அன்று அதற்கு ஐந்தாம் நாள். நாளாக ஆகத்தான் அது சேர்ந்து வருமாம். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஐந்து நாள் குழம்பு வயிற்றில் இருக்க, என் காலைத் தோசைமேல் வழக்கா என்று கேட்டேன். அவர் அறியாப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "சுண்டக்கறி பழசு இல்ல டீச்சர், அது ருசி."

கட்லெட்

சிலேட்டைப் படித்தவர்கள் ஒவ்வொருவராக விலக, மாசி பிறப்பதற்குள் பதினொன்று ஆறாயிற்று. ஐந்துக்குக் கீழே போனால் கதவைச் சாத்த வேண்டியதுதான். அப்புறம் கதீஜா பீடி சுற்றப் போக வேண்டும். கோமதியின் அம்மா யாரிடம் பிள்ளையை விட்டுவிட்டுச் சேரன்மகாதேவி பஸ் ஏறுவாள்? ஒரு திங்கட்கிழமை நான் தோற்றேன். காலையில் மீந்த ரவை உப்புமாவோடு அவித்த உருளைக்கிழங்கைச் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, ரஸ்க் தூளில் புரட்டித் தோசைக்கல்லில் சிவக்க எடுத்தோம். சிலேட்டில் இரண்டே சொல்: "வெஜிடபிள் கட்லெட்."

வாசலில் ஒரே பாராட்டு. செய்முறை கேட்டார்கள். வாரக் கடைசிக்குள் போன பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர்கள்மேல், பாதி என்மேல். கதீஜா கல்லைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பேரை மாத்துனதும் பழசு புதுசாயிட்டு, பாத்தியளா டீச்சரம்மா?"

கோமதி

அடுத்த வாரமும் கட்லெட். சங்கரலிங்கம் அண்ணாச்சி உரிமையோடு ஒன்றை எடுத்துக் கடித்தார். கோமதி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "யப்பா, இது காலைல உப்புமா. கதீஜாம்மா பிசைஞ்சா. நான் பாத்தேன்."

அவர் சிரித்தார். "உப்புமால போயி யாராவது கட்லெட் செய்வாவளா?" பிள்ளை விடவில்லை, "நெசமாத்தான்" என்று தரையை உதைத்தாள். அவர் முகம் மாறியது. "பொய் சொன்னா வாயில சூடு போட்டுருவேன், பாத்துக்க. டீச்சர், நீங்களே சொல்லுங்க." கோமதி என்னைப் பார்த்தாள். அழவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால், திரும்பி வந்த இரண்டு பிள்ளைகளின் அம்மாக்களும் காத்திருந்தார்கள்.

சிலேட்டைக் கழற்றி முந்தானையால் துடைத்தேன். "காலையில் மீந்த உப்புமா, கட்லெட்டாகச் செய்தது" என்று பெரிய எழுத்தில் எழுதி மாட்டினேன். "உங்க பிள்ளை சொன்னதுதான் உண்மை. ஒரு வாரமா பொய் சொன்னது நான். சூடு போடணும்னா எனக்குப் போடுங்க." அம்மாக்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணாச்சி கையிலிருந்த பாதியைப் பார்த்தார், சிலேட்டைப் பார்த்தார், பாதியை வாயில் போட்டு மென்று விழுங்கினார். பிறகு என் பக்கம் குனிந்து பைய சொன்னார்: "நான் ஒண்ணும் சொல்லல டீச்சர். ஆனா அதை மட்டும் அழிச்சிருங்க, காலைல கோமதி அம்மா படிச்சான்னா வீட்டுலயும் இதையே செய்ய ஆரம்பிச்சிருவா."

நான் அழிக்கவில்லை; அந்த இரண்டு பேரும் மறுபடி நின்றுவிட்டார்கள், கோமதியோடு சேர்த்து ஆறு பேர் மிஞ்சினார்கள், கதவும் திறந்தே இருந்தது.

உண்மையைச் சொல்லவும் உப்புமாவைத் தின்னவும் ஐந்து வயதுக்குள் எவருக்கும் கற்றுக்கொடுத்துவிடலாம். அதற்கு மேற்பட்ட வயதினரை நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.