அந்தத் தாய் கதைத்த இடத்தில் குழல் ஊதினார்கள்

"படத்தில் என்ரை அம்மா வாறா, நீ கட்டாயம் வா" என்று மதாம் சொன்னபோது, நான் அதை ஒரு நல்ல காரியத்துக்கான அழைப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். பெற்ற தாயைத் திரையில் பார்ப்பதென்றால் சின்ன விஷயமா?

மதாம் என்பது பெயர் இல்லை. மொன்றியலுக்கு வந்த புதிதில் நான் ஒரு தையல் ஆலையில் கோட்டுகளுக்குப் பொக்கெற் தைத்தேன். பக்கத்து மெஷினில் கொலர் தைத்தவள் அவள். பெய்ரூட்டிலிருந்து வந்த ஆர்மேனியப் பெண். மேற்பார்வைக்காரன் எங்கள் எல்லோரையும் மதாம் என்றுதான் கூப்பிடுவான். அதனால் அவள் எனக்கு மதாம், நான் அவளுக்கு மதாம். ஆலையை மூடிவிட்டார்கள், நாங்கள் கிழவிகளாகிவிட்டோம். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே கட்டடத்தில் நான் மேலேயும் அவள் கீழேயுமாக இருக்கிறோம். இன்னும் மதாம்தான். எங்களுக்குள் ஓடுவது ஆலைப் பிரெஞ்சு. சொல் குறைவு, கைச்சாடை கூட. அவள் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

அவளுடைய சனத்துக்கு நடந்ததை நான் மெஷின் சத்தத்துக்குள்தான் அறிந்தேன். அந்தக் காலத்துத் துருக்கி அரசு அவர்களை ஊர் ஊராகக் கிளப்பியது. ஆண்களைப் பிரித்துக் கொன்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் பாலைவனம்வரை நடக்கவிட்டு, நடையிலேயே சாகவிட்டார்கள். மதாமின் தாய் அப்போது சிறுபிள்ளை. தன் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள். வந்து சேர்ந்தது அவள் மட்டும். தம்பிக்கு என்ன நடந்ததென்று அவள் மகளுக்குச் சொல்லவில்லை. அவனுடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை.

மதாமுக்கு அந்தப் பெயர் வேண்டும். அவர்களுடைய சேர்ச்சில் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கும்போது பெயர் சொல்லித்தான் மன்றாடுவார்கள். தாயின் பெயர், தகப்பனின் பெயர், புருஷனின் பெயர் எல்லாம் கொடுத்து, கடைசியில் 'அம்மாவின் தம்பி' என்று கொடுப்பாள். குருவானவரும் அப்படியே சொல்லிவிட்டுப் போவார்.

"பேர் இல்லாமல் ஆரெண்டு கடவுளுக்கு எப்பிடித் தெரியும், மதாம்?" என்று என்னிடம் கேட்பாள்.

"அவருக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியேல்லையே."

இந்தக் கதையை வைத்து எடுத்த படம் எது நகரத்துக்கு வந்தாலும் அவள் போவாள். அடுத்த நாள் என்னிடம் வந்து திட்டித் தீர்ப்பாள். ஒன்றில் ஒரு காதல். ஒன்றில் வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்து காப்பாற்றுவான். இன்னொன்றில் பாலைவனத்தில் நடக்கிற பெண்ணின் நகத்துக்குள் ஊத்தையே இல்லை. "எங்கடை அம்மாமார் நகம் வெட்டிக்கொண்டுதான் செத்தவை போல" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

இந்தப் படம் வேறு. பல வருடத்துக்கு முன்னர், தாய் உயிரோடு இருந்தபோது, படம் எடுக்கப் படிக்கிற ஓர் ஆர்மேனியப் பையன் கமெராவோடு வீட்டுக்கு வந்தான். தப்பிவந்த முதியவர்களின் வாய்மொழியைப் பிடித்து வைக்க வேண்டும் என்றான். தாய் சம்மதித்தாள். ஆனால் மகளைக் குசினிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டாள். மதாம் கோப்பி போட்டாள். கொண்டுபோய்த் தட்டினாள். கதவு திறக்கவில்லை. கோப்பி ஆறிப்போனது, திரும்பவும் போட்டாள். கதவு திறந்தபோது தாய் முகம் கழுவி, தலை வாரி, ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தாளாம். அந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே தாய் இறந்துபோனாள். பையனின் படம் முடியாமலே கிடந்தது. இப்போது அவனுக்கும் தலை நரைத்த பிறகு முடித்திருக்கிறான். சேர்ச்சின் கீழ்மண்டபத்தில் போடப்போகிறார்கள்.

"அண்டைக்குக் கதவுக்குப் பின்னாலை சொன்னதை இனி நான் கேப்பன்" என்றாள் மதாம்.

நான் என் மாம்பழ நிறப் பட்டுச் சேலையைக் கட்டினேன். சங்கிலி போட்டேன். ஒரு டப்பா வடையும் சுட்டு எடுத்துக்கொண்டேன். எங்களைக் கூட்டிப்போக ரொக்ஸ்பரோவிலிருந்து வந்த என் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, என்ன இது? கலியாண வீட்டுக்கே போறியள்?"

"அந்த மனிசியின்ரை தாய் படத்திலை வாறா. சும்மா ஏனோதானோவெண்டு போகேலுமே?"

"அது செத்த சனத்தின்ரை படம், அம்மா. எல்லாரும் கறுப்போடை நிப்பினம். நீங்கள் நடுவிலை கலியாணப் பொம்பிளை மாதிரி நிப்பியள்."

"நிப்பன். உனக்கென்ன?"

அவள் சொன்னது சரிதான். மண்டபம் முழுக்கக் கறுப்பு. ஒரு கிழவர் என் சேலையைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம் ஏதோ கேட்டார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வடை டப்பாவை மடியில் வைத்து நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மதாம் வந்து என் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மாவுக்கு இந்த நிறம் பிடிக்கும்" என்று சொல்லி என் மறுபக்கத்தில் இருந்தாள்.

விளக்கை அணைத்தார்கள்.

முதலில் பழைய படங்கள். எலும்பும் தோலுமான பிள்ளைகள், குந்தியிருக்கிற பெண்கள். பிறகு இந்தக் காலத்து ஆட்களை நடக்கவிட்டு எடுத்தவை. தூசிக்குள் ஒரு வரிசை போகிறது. நானும் ஒருமுறை எங்கள் நாட்டு யுத்தத்தில் ஊரே கிளம்பி நடந்த வீதியில் நடந்தவள். மழை பெய்தது. ஆனால் படத்தில் நடந்தவர்கள் ஒருவரோடொருவர் கதைக்கவே இல்லை. எங்கள் வீதியில் அரிசிப் பானையை யார் தூக்குவது என்று அக்காவும் நானும் சண்டை பிடித்துக்கொண்டு நடந்தோம். இவர்கள் பேசாமல் நடப்பதைப் பார்க்க எனக்கு ஆறுதலாக இருந்தது. இது நடிப்புத்தானே என்று நினைத்தேன்.

அதன் பிறகு நடிப்பு முடிந்தது. முதியவர்கள் ஒவ்வொருவராகக் கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினார்கள். ஆர்மேனிய மொழி, கீழே பிரெஞ்சு எழுத்து. மகள் மெதுவாக எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு கிழவர் தன் தாயைப் புதைக்க மண் தோண்ட நகம் போதவில்லை என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் குடிப்பதையும் காட்டினார்கள்.

மதாம் என் மணிக்கட்டைப் பிடித்தாள். திரையில் அவளுடைய தாய்.

அதே மூக்கு, அதே நாடி. தலை வாரி முடிந்திருந்தாள். கமெராவை நேராகப் பார்த்தபடி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் இல்லை. அந்த இடத்தில் குழல் ஊதினார்கள். நீளமான, சோகமான குழல். கீழே எழுத்தும் இல்லை.

மதாமின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மிதிபட்ட நாய்க்குட்டியின் சத்தம் மாதிரி. அதைக் கேட்டதும் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு மறந்துபோனது. எங்களில் செத்தவீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டால், கிட்ட இருக்கிற பெண் கழுத்தைக் கட்டிப் பிடித்துக் குரல் எடுக்க வேண்டும். தனியே அழ விடக்கூடாது. நான் எழும்பி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வடை நிலத்தில் கொட்டியது.

"என்ரை ஆச்சியே, வாய் திறந்தியேயம்மா, உன்ரை சொல்லை ஆர் பறிச்சது..."

என் குரல் சின்னக் குரல் இல்லை. குழல் சத்தம் அதற்குள் அமுங்கிப்போனது.

"அம்மா, இருங்கோ. ஐயோ, இருங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்று மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

யாரோ விளக்கைப் போட்டார்கள். படம் நின்றது. தாயின் முகம் வாய் திறந்தபடி திரையில் நின்றது. அத்தனை கறுப்புச் சட்டைகளும் எங்கள் பக்கம் திரும்பின. அவர்கள் அப்படி அழுவதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு உடம்பெல்லாம் நெருப்பாக இருந்தது. என்றாலும் கையை எடுக்கவில்லை.

விளக்கு வந்ததால் மதாமுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். என் கையை விலக்கிவிட்டு எழும்பினாள். நரைத்த தலையோடு முன்னால் நின்ற படக்காரனைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டாள். மகள் எனக்குச் சொன்னாள்.

"அம்மான்ரை சத்தம் எங்கை?"

"மதாம், பேந்து தனியக் கதைப்பம்."

"அண்டைக்கும் தனியத்தான் கதைச்சனி. இப்ப எல்லாருக்கும் முன்னாலை சொல்லு."

அவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "உங்கடை அம்மாதான் கேட்டவ. முகத்தைக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும் எண்டவ. சத்தத்தை மட்டும் போடாதை, என்ரை மகள் கேட்டிடுவாள் எண்டவ."

என் மகள் இதைத் தமிழில் சொன்னாள். படக்காரன் பிழைவிட்டான், மெஷின் பழுதாகிவிட்டது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். பெற்றவளே பூட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

"உனக்குச் சொன்னா. உனக்கு அப்ப மீசையும் ஒழுங்கா முளைக்கேல்லை" என்றாள் மதாம்.

"நான் பிறத்தி, மதாம். சொல்லிப்போட்டு அவ என்னோடை இருந்து சாப்பிடத் தேவையில்லை. உங்களோடை சாப்பிடவேணுமே."

ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சத்தம் என்னட்டை இருக்கு" என்றான் அவன். "கேக்கவேணும் எண்டால் நான் மறிக்கமாட்டன். அவவுக்குக் குடுத்த வாக்கு உடையும். அதை நான் பாத்துக்கொள்ளுறன்."

நான் மதாமின் கையைப் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டாள்.

"தம்பியின்ரை பேரைச் சொன்னவவோ?"

"ஓம்."

"அதை மட்டும் சொல்லு. மிச்சம் வேண்டாம்."

அவன் சொன்னான். சின்னப் பெயர். வாய் திறந்து உதடு மூடினால் முடிந்துவிடும். அதை நான் இங்கே எழுதவில்லை, அது அவளுடையது. அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு இருந்துகொண்டு, "படத்தைப் போடு" என்றாள்.

விளக்கை அணைத்து, தாய் வந்த இடத்திலிருந்து திரும்பவும் போட்டார்கள். திரும்பவும் அந்த முகம், அந்தக் குழல். வாய் திறந்தது, உதடு மூடியது.

"இஞ்சை" என்றாள் மதாம். என் விரல்களை நெரித்தாள். "இப்ப சொன்னா."

வாய் திறந்தது, உதடு மூடியது.

"திரும்பவும்."

எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. இதற்கு எழுத்துத் தேவையில்லை. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது. அந்த இடத்தில் தாய் கதையே சொல்லவில்லை. கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்க அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே பெயர். தூரத்தில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி.

அதை விளங்கிக்கொண்டது நாங்கள் மட்டும் இல்லை. முன்வரிசையில் யாரோ அந்தப் பெயரை மெல்லச் சொல்வது கேட்டது. மதாம் இருட்டுக்குள் இருந்தபடியே, "குழலை நிப்பாட்டு" என்றாள். படக்காரன் நிற்பாட்டினான். பிறகு மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. திரையில் தாய் கூப்பிட்டு முடியும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குக் குரல் எடுக்க வரவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் நான் கேட்டேன், "மிச்சம் உனக்கு வேண்டாமோ, மதாம்? அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததெண்டு?"

"கூப்பிட்டவ. அவன் வரேல்லை" என்றாள். "இனி என்ன மிச்சம்?"

கார் ஓட்டிக்கொண்டிருந்த மகள் கண்ணைத் துடைத்தாள். மொழிபெயர்க்க அதில் ஒன்றும் இருக்கவில்லை. அந்தளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிறு மதாமோடு நானும் சேர்ச்சுக்குப் போனேன். மகள் சொன்னதற்காகச் சாம்பல் நிறச் சேலை. அந்த மொழியில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. தாயின் பெயர் வந்தபோது மதாம் என் முழங்கையில் இடித்தாள். கடைசியில் அந்தச் சின்னப் பெயர் வந்தது. குருவானவர் அதைக் கனமாக, ஒரு பிஷப்பின் பெயரைச் சொல்வது மாதிரி இழுத்துச் சொன்னார்.

பூசை முடிந்ததும் மதாம் நேரே அவரிடம் போனாள். எதற்கு என்று தெரியாமல் நானும் பின்னால் போனேன். இடுப்புக்குக் கீழே கையை வைத்து இவ்வளவு உயரம் என்று காட்டினாள். பெயரைத் தான் ஒருமுறை சொன்னாள், குரலைச் சின்னதாக்கி, தூரத்துக்குக் கேட்கிற மாதிரி. இப்படிச் சொல் என்றாள். அந்த மனிதர் தாடியைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். வெறுமையான சேர்ச்சுக்குள் நின்று திரும்பச் சொன்னார். மதாம் தலையை ஆட்டினாள். இன்னும் சரியில்லை என்று.