கிடங்கு அக்காவின் முப்பது நாள் விடுப்பு

சுகாதார அலுவலகத்தின் தடுப்பூசிக் கிடங்கை இருபது வருடமாகக் கட்டி மேய்ப்பவரை எல்லாரும் கிடங்கு அக்கா என்பார்கள். தலைமை மருத்துவரும் அப்படித்தான், அவர் அக்காவைவிட ஏழு வயது மூத்தவர்.

பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே, மின்சாரம் போனால் எந்தப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும், ஜெனரேட்டரை எங்கே தட்டினால் உயிர் வரும் என்பதெல்லாம் அக்காவின் மண்டைக்குள் மட்டுமே இருந்தது. அதனால் பல வருடமாக அவருக்கு விடுப்பே கிடையாது. இப்போது மகளுக்குத் தலைப்பிரசவம். எட்டு மணி நேரப் பஸ் பயணம். அம்மா பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"நீங்க போனா கிடங்க யாரு பாப்பாங்கக்கா?" என்றார் மருத்துவர், விடுப்பு மனுவைத் தொடாமலே.

அந்த வாரம்தான் வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து இறங்கினார், அவருக்கு மொழிபெயர்க்க நான். அலுவலகம் எந்தத் தனி ஆளையும் நம்பி நிற்கக்கூடாது, அப்போதுதான் தடுப்பூசி வைக்கப் புதிய குளிரறை தருவோம் என்றார். அதற்கு ஒரு சோதனை: அக்கா வீட்டில் இருக்கவேண்டும், பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவோம், மற்றவர்கள் சமாளிக்கவேண்டும். தேறினால் விடுப்பு என்றார் மருத்துவர்.

அக்கா மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிச் சுவரில் ஒட்டினார். நர்ஸையும் டிரைவரையும் கேள்வி கேட்டே வறுத்தெடுத்தார்.

பத்து மணி. விளக்கு அணைந்தது. நர்ஸ் சுவரைப் படித்தார், டிரைவர் தட்டினார், ஜெனரேட்டர் உறுமியது. கச்சிதம். உடனே நர்ஸின் போன் அடித்தது.

"ஏம்மா, சூடு பாத்தியா? எட்டு டிகிரிக்கு மேல போனா..."

"அஞ்சுலதான்க்கா இருக்கு. நீங்க பேசவே கூடாது, வைங்க!"

நர்ஸுக்கு மேலும் ஏழு அழைப்பு. ஒன்பதாவது டிரைவருக்கு. "டீசல் மூடியத் திருகுனியா?"

"அக்கா, வீட்லயா இருக்கீங்க? பஸ் சத்தம் கேக்குதே?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில், மழையே இல்லாத வெயிலில், முகத்தை மறைத்தபடி ஒரு குடை.

குடைக்குள் யார் என்று மதிப்பீட்டாளர் கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் அக்கா என்று சொன்னேன், வந்த அழைப்புகளையும் மொழிபெயர்த்தேன். அவர் நிதானமாக எழுதினார்: அலுவலகத்திலிருந்து அக்காவுக்குப் போன அழைப்பு ஒன்றுமில்லை, அக்காவிடமிருந்து வந்தவை ஒன்பது. அலுவலகம் தேறியது, தேறாதவர் அக்கா. அவர் முப்பது நாள் ஊரிலேயே இருக்கக்கூடாது, கிடங்கு விஷயமாகப் போனும் கூடாது. அதன் பிறகுதான் குளிரறை.

மருத்துவர் அப்போதே கையெழுத்துப் போட்டார். அக்காவின் முகம் தொங்கிப்போனது.

"முப்பது நாளா? பத்து போதாதா சார்?"

"கிளம்புங்கக்கா."

பதினோராம் நாள் நர்ஸுக்கு அழைப்பு வந்தது. "பேத்தி பொறந்துட்டா! மூணு கிலோ. அம்மாவும் பிள்ளையும் நல்லாருக்காங்க. குழந்தைக்குச் சூடு முப்பத்தாறரை, ரெண்டு வேளையும் பாத்து எழுதி வெக்கிறேன். அங்க பெட்டில எவ்ளோ?"

நர்ஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.