ஐந்து பேருக்கு இரண்டு வண்டி

நாங்கள் ஐந்து பேர். வாடகை வண்டியில் ஓட்டுநரை விட்டால் நான்கு பேர்தான் உட்காரலாம். லங்காவித் தீவில் நான் பட்ட வயிற்றெரிச்சல் எல்லாம் இந்தக் கணக்கில்தான் தொடங்கியது.

என் கணவர், அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, என் மகள், நான். மகளுக்கு ஜொகூரில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கப் போகிறாள். அதற்குள் எங்காவது போய்வர வேண்டும் என்று பேச்சைத் தொடங்கியவள் நான்தான். கடலோரமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. "சித்தியும் வரட்டும்மா. சித்தி இல்லன்னா போரிங்லா" என்றாள் மகள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டே ஐந்து பேருக்கும் ஃபெரி டிக்கெட் எடுத்தேன்.

சித்தி என்பது என் கொழுந்தன் மனைவி. செர்டாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். பிள்ளை இல்லை. படிப்பு என்னைவிடக் குறைவு. சமையலும் சுமார்தான், இதைப் பொறாமையில் சொல்லவில்லை, சாப்பிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாய் இருக்கிறதே, அது போதும் அவளுக்கு. பாசாரில் மீன் வெட்டுகிறவனிலிருந்து கோயில் வாசலில் பூ கட்டுகிறவர் வரை எல்லாரும் அவளுக்கு அண்ணன், அக்காதான். நான் அலோர் ஸ்டாரில் கடைக்காரர் மகள். கடைக்கு வந்தவர்களிடம் "என்ன வேணும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வளர்த்தார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு அவள் பேசுவதைக் கேட்டாலே தலைவலி வரும்.

எனக்கும் அதே ஹைடெக் பூங்காவில்தான் வேலை, வேறு தொழிற்சாலையில் கிராணி, எழுத்தர் வேலை. ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிவரும் பஸ்களைக் கவனிப்பது என் பொறுப்பு. எந்த பஸ், எந்த நம்பர், ஓட்டுநரின் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா, இதைப் பார்த்துப் பார்த்தே என் கண் பழகிவிட்டது. வெளியூரில் தனியாக வண்டி ஏறப்போகிற மகளுக்கு நான் கொடுக்கக்கூடிய சீதனம் இதுதான் என்று நினைத்தேன். போனில் காட்டும் நம்பரும் வண்டி நம்பரும் ஒன்றா என்று பார். உன் பெயரை நீ சொல்லாதே, யாரை ஏற்ற வந்தீர்கள் என்று அவரைக் கேள். பின்சீட்டில் உட்கார், பெல்ட் போடு. எந்த ஹோட்டல், எந்த அறை என்று கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்று. வண்டி கிளம்புமுன் நம்பரைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போடு. அவள் தலையை ஆட்டினாள். கண் போனில் இருந்தது.

குவா படகுத்துறையில் இறங்கியதுமே வாடகைக் கார்க்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சொந்தமாக ஓட்டிக்கொள்ளலாமே என்றேன். வருடம் பூராவும் ஓட்டுகிறோம், இங்கேயாவது உட்கார்ந்து வருகிறோம் என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொன்னார்கள். "ஒரே காடில நெருக்கி உக்காந்துக்கலாம் அக்கா, பாப்பா என் மடியில உக்காந்துக்குவா" என்றாள் அவள். எங்கள் பக்கத்தில் காடி என்றால் கார். பாப்பா என்னைவிட உயரம். நான் விடவில்லை. நான்கு பேருக்குத்தான் பெல்ட் இருக்கிறது, ஐந்தாவது ஆளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று கேட்டேன். எங்கே போனாலும் இரண்டு வண்டி என்று அங்கேயே சட்டம் போட்டேன்.

சட்டம் போட்டவளுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரியவில்லை. முதல் வண்டி வந்ததும் கொழுந்தனும் அவளும் ஏறினார்கள், என் மகளும் பின்னாலேயே ஏறிவிட்டாள். அடுத்த வண்டியில் நானும் என் கணவரும். அவர் ஏறியதும் தூங்கிவிட்டார். கேபிள் கார் பார்க்கப் போனபோதும் அப்படித்தான், கடற்கரைக்குப் போனபோதும் அப்படித்தான். முன்னால் போகிற வண்டியின் பின்கண்ணாடியில் இரண்டு தலைகள் ஒட்டிக்கொண்டு ஆடுவது எனக்குத் தெரியும். இறங்கியதும் மகள் ஓடிவந்து சொல்வாள்: "அம்மா, அந்த அங்கிள் எங்களுக்குப் பாட்டு பாடிக் காட்டினாரு." மலாய்க்கார ஓட்டுநரிடம் அவள் சித்தி கெடா வட்டார மலாயிலேயே வம்பளந்து, வயலில் அவர் ஓட்டிய எருமையின் கதைவரை வாங்கியிருப்பாள். எங்கள் வண்டியில் நான் வாங்கியது என் கணவரின் குறட்டை மட்டும்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

இதில் அவள் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். "அக்கா, நீங்க பாப்பாவோட வாங்க, நான் அத்தானோட வரேன்" என்று ஒருமுறை சொன்னாள். பிச்சை போடுகிறாளா என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. "பரவாயில்லம்மா, அவளுக்கு எங்க இஷ்டமோ அங்க உக்காரட்டும்" என்றேன். மகளுக்கு இஷ்டம் எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆண்கள் இரண்டு பேரும் மீன்பிடிக்கப் படகில் போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பெண்கள் குவாவுக்குப் போய்ச் சாக்லேட்டும் பீங்கான் தட்டும் வாங்குவதாக ஏற்பாடு. மூன்று பேருக்கு ஒரே வண்டி போதும். மகளை நடுவில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலிருந்தே எனக்கு ஒரு குஷி. நாங்கள் தங்கியிருந்த பந்தாய் செனாங் சாலையோரத்தில் நின்று போனில் வண்டிக்குப் பதிவு செய்துகொண்டிருந்தேன்.

அதற்குள் ஒரு பழைய வெள்ளைக் கார் வந்து நின்றது. மேலே டாக்சி பலகை இல்லை, கதவில் எழுத்து இல்லை. முன்கண்ணாடிக்குக் கீழே சின்ன முருகன் படம், அதற்கு ஒரு முழம் பூ. எங்கள் ஆட்களுக்கு இது போதும். லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அந்தப் பூவிலேயே முடிந்துவிடும்.

அவள் குனிந்து, தோட்டத்தில் பிறந்தவர்கள் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். "அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

அவர் சொன்ன தோட்டம் அவள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். அப்புறம் கேட்க வேண்டுமா? யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் கோயில் திருவிழா, யாரை எங்கே கட்டிக்கொடுத்தது என்று பேச்சு வேரைப் பிடித்து இறங்கியது. நான் பதிவு செய்த வண்டி வருவதற்குள் அவர் அவளுக்கு ஒன்றுவிட்ட மாமன் முறை ஆகிவிட்டார். என்னிடமும் அவர் கேட்டார், "நீங்க எந்தத் தோட்டம்மா?" எனக்குச் சொல்ல ஒரு தோட்டம் இல்லை. அலோர் ஸ்டார் என்றேன். "ஓ, டவுனா" என்று அவர் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"வாங்கக்கா, நம்ம ஆளுதான்" என்றாள் அவள். மகள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள்.

"பெர்மிட் இல்லாத வண்டி. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் ஒரு காசு தராது. கீழ இறங்கு" என்றேன் மகளிடம்.

"அம்மா, ப்ளீஸ்லா. இவரு சித்திக்குச் சொந்தம்."

"எனக்குச் சொந்தம் இல்ல."

அவள் இறங்கவில்லை. சித்தி மட்டும் ஒரு காலை வெளியே வைத்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்போது வாய் திறந்திருந்தால் அவளாவது இறங்கியிருப்பாள். "போங்க, நான் பின்னால வரேன்" என்று கதவை நானே சாத்தினேன்.

என் வண்டி வந்தது. நம்பர் சரி, முகம் சரி, எல்லாம் சரி. பின்சீட்டில் பெல்ட் போட்டு ஒற்றை ஆளாகக் குவா போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் முருகனிடம் ஒன்று கேட்டுக்கொண்டே போனேன், அந்தக் காரில் இருந்த அதே முருகனிடம்தான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். டயர் பஞ்சர் ஆகட்டும். வெயிலில் கொஞ்ச நேரம் நிற்கட்டும். என் சொல் ஒரே ஒருமுறை ஜெயிக்கட்டும்.

கடை வாசலில் நின்றேன். அவர்கள் வரவில்லை. கேட்ட வரம் உடனே கிடைத்துவிட்டதோ என்று பயம் பிடித்துக்கொண்டது, போனை எடுத்தேன். அது என் கையிலேயே அடித்தது. மகள்தான்.

"அம்மா, அங்கிள் குறுக்கு வழியில வந்தாரு, இங்க ரோட் பிளாக். காடியை ஓரமா நிறுத்திட்டாங்க. அங்கிள்கிட்ட பெர்மிட் இல்லையாம், எங்களை வேற காடில போகச் சொல்றாங்க. நீங்க வரீங்களா?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த அந்த நிமிடம் எனக்குள் பொங்கியதற்கு நிம்மதி என்று பெயர் வைக்கலாம். பெயர் வைத்தால் பொய். பெற்ற மகள் கூப்பிடுகிறாள், கரும்பு தின்னக் கூலியா? வண்டியைப் பதிவு செய்து, நம்பரைச் சரிபார்த்து, பறந்தேன்.

சாலையோரத்தில் ஒரு மரத்தடியில் நின்றார்கள். அந்த மனிதர் அதிகாரிகளிடம் கைகட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அவரைத் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் சித்தி கண் கலங்கி நின்றாள், என் மகள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியை இறக்கினேன். "நான் சொன்னேன்ல" என்றேன்.

திரும்பும்போது மகள் நடுவில்தான் உட்கார்ந்தாள், நான் காலையில் ஆசைப்பட்டபடி. பெல்ட்டைப் போட்டாள். குரலை இறக்கி என்னிடம் சொன்னாள்: "அம்மா, நாங்க அங்க அழுதுகிட்டு நிக்கிறோம். நீங்க சிரிச்சிகிட்டே வந்தீங்க."

நான் சிரிக்கவில்லை என்றேன். வெயிலில் கண் கூசினால் என் முகம் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் சித்தியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது அவள் ஜொகூரில் இருக்கிறாள். வாரம் தவறாமல் எனக்குப் பேசுகிறாள், சாப்பாடு, பாடம், மழை. வண்டியில் எங்கேயும் போகிறாயா என்று கேட்டால் எப்போதாவதுதான் என்கிறாள். குழுவில் ஒரு நம்பரும் வருவதில்லை. சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மீன் குழம்பு கொடுக்கக் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். சித்தியின் போன் மேசைமேல் கிடந்து மினுக்கியது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தயங்கி, பிறகு என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒரு காரின் பின்புறம், நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு படம், பெல்ட் போட்ட ஒரு தோள். மேலே தள்ளினேன். இதேபோல் ஒன்று, அதற்கு மேலும் ஒன்று, மகள் ஜொகூர் போன நாளிலிருந்து வரிசையாக. ஒன்றில்கூட முன்சீட்டு இல்லை.

"அக்கா, உங்ககிட்ட சொல்ல வேணாம்னு பாப்பா சொல்லியிருக்கா. நீங்க பயந்துக்குவீங்களாம்" என்றாள் அவள். "நான் காட்டினேன்னு தெரிய வேணாம்."

"நான் எதுக்குச் சொல்றேன்" என்றேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் குழம்பு கூடுதலாகத்தான் வைக்கிறேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலில் நின்று, சாப்பிட்டாச்சா, மழை வருமா என்று ஏதாவது கேட்கிறேன். அவளுக்குத் தெரியும் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று. சட்டியை வாங்கிக்கொண்டு போனை என்னிடம் கொடுக்கிறாள். நான் நம்பரைப் பார்க்கிறேன், பெல்ட்டைப் பார்க்கிறேன், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.