பெருமாள் அண்ணனின் ரெக்கார்டுக்கு வைத்த பொட்டு

தின்ற தட்டைக் கழுவாமல் சிங்க்கில் போட்டுவிட்டுப் போகிற ஆட்களுக்கு, ரெக்கார்டு கழுவுகிற வித்தை தெரிய வேண்டுமாம்! தெரிந்து என்ன கிழிக்கப் போகிறீர்கள்? கைப்பேசியைத் தட்டினால் பாட்டு வருகிறது, அது போதாதா? சரி, வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். சொல்லாமல் விட்டால் எழுந்து போகவும் மாட்டீர்கள்.

ஈப்போ பழைய டவுனில் பழைய ரெக்கார்டு விற்கும் கடைக்கு நான் கூட்டிப் பெருக்கத்தான் போனேன். முதல் நாளே, தோளில் கிடந்த துண்டால் ஒரு ரெக்கார்டைப் பளபளவென்று துடைத்தேன். சீனத் தவுக்கே, அதுதான் முதலாளி, ஓடி வந்தார்.

"ஐயோ அக்கா! பெலான் பெலான் லா, மெதுவா! காஞ்ச துணி போட்டா பாட்டு செத்துரும்!"

"ரெக்கார்டுக்கும் சாவு உண்டா தவுக்கே?"

"நீ இப்படித் தேய்ச்சா இன்னிக்கே உண்டு."

பயந்துபோய் அவரே கற்றுக்கொடுத்தார். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையாமல் பிளாஸ்டிக் மூடி வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். கார் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு. சுடுதண்ணீர் ஆகாது, ரெக்கார்டு அப்பளம் மாதிரி வளைந்துவிடும். மெல்லிய பிரஷ்ஷை, பாட்டு பதிந்திருக்கிற வரி ஓடுகிற பக்கமே வட்டமாக ஓட்ட வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது. அலசி, நிழலில் நிறுத்திக் காய விட வேண்டும். கையில் பிடிப்பதென்றால், கோபத்தில் இருக்கிற பெண்டாட்டியைத் தொடுவது போல விளிம்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுதான் வித்தை. மற்றதெல்லாம் லெச்சுமி அக்காவால் கற்றுக்கொண்டது.

லோரி போன பிறகு

புந்தோங்கில் என் பக்கத்து வீடு லெச்சுமி அக்கா. வீட்டுக்காரர் பெருமாள் அண்ணன் மரலோரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் லூமுட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் ஆயுத பூசை வந்தது. மறுநாளே அக்கா துணிப்பையோடு கடை வாசலில் நின்றார்.

"அடியே, பூச முடிஞ்சு ஒன்னப் போட்டேன், பாடாம கரகரங்குது. இதப் பாருலா."

பைக்குள் அண்ணனுடைய ரெக்கார்டுகள். ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். நடுக் காகிதத்தில் ஒன்று, பாட்டு இருக்கும் வரியில் மூன்று.

"ஏங்கா இப்படி?"

"லோரி இருந்தப்ப லோரிக்கு வச்சேன். லோரிய வித்தாச்சு. மனுசன் இப்ப நாள்பூரா இதத்தானே ஓட்டிக்கிட்டு இருக்காரு? இதுக்கு வைக்காம குக்கருக்கா வைப்பேன்?"

நியாயம்தான்.

"எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கலையே?"

"வைக்கத்தான் பாத்தேன். சக்கரம் படுத்துக் கிடந்துச்சு."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பையின் அடியிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டை எடுத்தார். இளவட்டமாக இருந்தபோது ஈப்போ பாட்டுக் குழு ஒன்றில் அண்ணன் பாடியது.

"மத்தது போனா போவட்டும். இது ஒன்னுதான் இருக்கு, இதே பாட்டு இருந்த மிச்ச ரெக்கார்டெல்லாம் வெள்ளத்துல போச்சு. இதுவும் போனா அவரு கொரலையே நான் அழிச்ச மாதிரிடி. ஞாயித்துக்கெழம வந்துருவாரு. சொல்லவும் பயமா இருக்கு, மறைக்கவும் பயமா இருக்கு."

காய்ந்த சந்தனம் வரிக்குள் சிமெண்டு மாதிரி இறுகியிருந்தது. சொட்டுச் சொட்டாக ஊற வைத்து, பிரஷ்ஷால் தடவி, மறுபடி ஊற வைத்து எடுத்தேன். வரியெல்லாம் கறுப்பாகி மின்னியது. நடுக் காகிதம் மட்டும் குங்குமத்தைக் குடித்துவிட்டது. அந்தச் சிவப்பு போகவே இல்லை.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய் ரெக்கார்டு ஓட்டுகிற மெசினையும் சரிசெய்தேன். அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, காலடியில் அட்டை மடித்துக் கொடுத்தேன். ஊசி குதிக்காமலிருக்க அண்ணன் அதன் தலையில் காசு ஒட்டியிருந்தார். அந்தக் கனம் ரெக்கார்டை உழுதுவிடும், பிய்த்துப் போட்டேன். ஊசியைத் தாங்குகிற கையின் பின்பக்க எடைக்குண்டைத் திருகி, தராசு மாதிரி கை அந்தரத்தில் நிற்கும்படி செய்து, பிறகு ஊசிக்குச் சொல்லியிருக்கிற கனத்தை வைத்தேன். ஊசியிலிருந்த சந்தனத்தைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும் துடைத்தேன். மற்ற ரெக்கார்டுகளைப் போட்டுப் பார்த்தோம், பாடின. அந்தச் சின்ன ரெக்கார்டைத் தொட மட்டும் அக்காவுக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் அந்த ரெக்கார்டைத்தான் போட்டார். வழக்கம் போல கதவைத் திறந்துவைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி. அக்கா அடுப்படி வாசலில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றார். நான் முறுக்கு தின்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முன்பெல்லாம் அந்தப் பாட்டு, ஓயாமல் கொட்டுகிற தைப்பிங் மழைக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கும். இப்போது மழையே இல்லை. மணி மாதிரி குரல். அக்கா மூச்சு விட்டார். பாட்டு மேலே மேலே ஏறியது. உச்சிக்குப் போனதும், இத்தனை நாள் இரைச்சலில் மறைந்து கிடந்தது வெளியே வந்தது: ரெக்கார்டில் அண்ணன் குரல் இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது.

முன்வீட்டுப் பரிமளா வாசலிலிருந்து கத்தினாள்: "என்னாண்ணே, பாட்டுக் குழுவுல சேவலும் வளர்த்தீங்களா?"

தெருவே சிரித்தது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"கீறல்தான்லா அது! பழைய ரெக்கார்டு!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மெசின்ல காசக் காணோம். உன் வேலதான். இதையும் நீதானே கழுவுன? சொல்லு, கீறல் இருந்துச்சா இல்லையா?"

கழுவும்போது விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தவள் நான். ஒரு மயிரிழைக் கீறல்கூடக் கிடையாது. அண்ணன் ரெக்கார்டைக் கையில் எடுத்தார். காகிதத்தின் சிவப்பைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தார்.

"இருந்துச்சுண்ணே," என்றேன். "ஆழமான கீறல். கழுவுனா போவாது."

அண்ணன் சிவப்பின் மேல் கட்டை விரலை வைத்து மறைத்தபடியே ரெக்கார்டை உறைக்குள் போட்டார்.

"லெச்சுமி, காப்பி போடு," என்றார். அவ்வளவுதான். பொட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை. குரலைப் பற்றி அக்காவும் கேட்கவில்லை.

தவுக்கே சொல்லித்தராத பாடம் அன்று எனக்குக் கிடைத்தது. அழுக்கை எடுப்பது நம் வேலை. அடியில் என்ன இருந்தது என்று சொல்வது நம் வேலை இல்லை.

மறுநாள் பரிமளாவும் இன்னும் நாலு பேரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "உண்மையச் சொல்லுக்கா, கீறலா கொரலா?"

"கீறல்தான்லா," என்றேன். "சந்தேகமா இருந்தா ஒங்க வீட்டு ரெக்கார்டையும் கொண்டாங்க, கழுவித் தாரேன். அப்புறம் என்னென்ன கேக்கும்னு மட்டும் என்னைய கேக்காதீங்க."

ஒருத்தியும் கொண்டுவரவில்லை.