ஈரத் திடலில் நான் மூடிய குழி

மேய் லின் எறிந்த இரும்புக் குண்டு கொடியைத் தாண்டித்தான் விழுந்தது. தாண்டவில்லை என்று காட்டியவள் நான். அவளுடைய உயிர்த்தோழி!

காஜா பேராங்கில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வரிசை. கொல்லுப் பட்டறை வைத்திருந்த சீனர் அவள் அப்பா. மகள் கேட்டாளென்று குண்டு வார்த்து, கம்பி மாட்டிக் கொடுத்தார். சம்மட்டி எறிதல் என்பார்கள். கம்பியைப் பிடித்து, உடம்போடு சுழன்று, குண்டை வீச வேண்டும். பெண்களுக்கு அப்படியொரு போட்டியே அப்போது கிடையாது. இல்லாத போட்டிக்கு ஒருத்தி மாய்ந்து மாய்ந்து பழகினாள் என்றால் நம்புவீர்களா? பழகினாளே! அவள் வீசுவாள், நான் ஓடிப்போய் எடுத்து வருவேன்.

நானும் ஓட்டக்காரிதான். சுதந்திரம் வந்த வருடம் அப்பா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

"வயசுப் புள்ள கட்டை சிலுவார் போட்டுக்கிட்டு, தொடை தெரிய ஓடுனது போதும். புக்கிட் ரம்பாய்லேர்ந்து பொண்ணு பார்க்க வராங்க."

அதே வாரம் பண்டார் ஹிலிர் திடலில் கொண்டாட்ட விளையாட்டுகள். கோலாலம்பூர் அதிகாரி ஒருவர் முன்னால் மேய் லின் சம்மட்டியோடு போய் நின்றாள். மனிதர் சிரித்தார். பிறகு தூரத்தில் ஒரு கொடியை நடச் சொன்னார். தாண்டினால் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய், வட்டெறியவும் குண்டெறியவும் பழக்குவதாகச் சொன்னார். ஒரே ஒரு வாய்ப்பு!

விழும் இடத்தில் முளையடிக்க ஆள் வேண்டும். குண்டுக்குப் பயந்து எல்லாரும் ஒதுங்கினார்கள்.

"சரோ அடிக்கட்டும். அவ கண்ணு தப்பாது லா!" என்று மேய் லின் என்னைக் காட்டினாள்.

வீசினாள். மழை விட்ட திடல். கொடிக்கு அப்பால் ஒரு சாண் தள்ளி, சேறு தெறிக்கக் குண்டு விழுந்து உருண்டது. உருண்ட தூரம் கணக்கில்லை. முதல் குழிதான் கணக்கு. அந்தக் குழியை நான் ஒருத்திதான் பார்த்தேன்...

கொடிக்கு இப்பால், காலையில் ஆண்கள் எறிந்த பழைய குழி ஒன்றில் மழைநீர் தேங்கி நின்றது. புதுக் குழியைக் காலால் மிதித்து மூடினேன். பழையதில் முளையை அடித்தேன்!

ஏன்? அவள் போய்விட்டால் தனியாகிவிடுவேன் என்ற பயமா? அப்படிச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். இல்லை... பொறாமை. எனக்குத் தேநீர்த் தட்டு, அவளுக்குக் கோலாலம்பூரா என்ற பாழும் பொறாமை!

அதிகாரி முளையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கூட்டத்தில் நின்ற அவள் அப்பா கத்தினார், "தாண்டிச்சு! நான் பார்த்தேன்!"

மேய் லின் அவர் கையைப் பிடித்தாள். "சுடாலா, பா. போதும். சரோ பொய் சொல்ல மாட்டா."

அப்போதாவது வாயைத் திறந்தேனா? சேறு அப்பிய கால் சப்பாத்தைப் புல்லில் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே குண்டை அவள் அப்பாவின் உலையில் போட்டுவிட்டாள். பிறகு எந்தத் திடலுக்கும் போகவில்லை. பட்டறைக் கணக்கைப் பார்த்தபடியே அவள் வயது போயிற்று.

இப்போது பெண்களும் சம்மட்டி எறிகிறார்கள். இன்று தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு என்னை அழைத்தாள். குரலில் அப்படியொரு குதூகலம்!

"சரோ, பார்த்தியா? பொம்பளைங்க எறியறாங்க! அன்னைக்கு எனக்குப் பலம் பத்தலைன்னு தெரிஞ்சது நல்லதாப் போச்சு. இல்லாட்டி, முடிஞ்சிருக்குமேன்னு நினைச்சு நினைச்சே செத்திருப்பேன்."

தாண்டியது, மேய் லின், குண்டு தாண்டியது... தொண்டை வரை வந்தது. சொன்னால் அவளிடம் மிச்சமிருக்கும் அந்த ஒரு நிம்மதியையும் பிடுங்கியவள் ஆவேன். சொல்லாமல் நான் எப்படிச் சாவேன்? நீங்களாவது சொல்லுங்களேன்!

"நாளைக்கு இறுதிப் போட்டியாம். வீட்டுக்கு வா லா, சேர்ந்து பார்ப்போம். எனக்குக் கண்ணு மங்கிப் போச்சு. எங்க விழுதுன்னு நீதான் சொல்லணும்."

"வரேன்" என்றேன்.